போனவரைக் கேட்கிறோம், இருப்பவரைக் கேட்பதில்லை

ஒருவர் ஊரைவிட்டுக் கிளம்பினால் "ஏன் போனார்?" என்று உடனே கேட்கிறோம். வேலையா, படிப்பா, கல்யாணமா, கடனா என்று ஏதோ ஒரு பதிலும் கிடைத்துவிடுகிறது. பிறந்த தெருவிலேயே 70 வயதைத் தாண்டியவரிடம் போய் "ஏன் இங்கேயே இருந்துவிட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குக் கேள்வியே விளங்காது. இருப்பது இயல்பு, போவதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும் என்று எல்லோருமே நினைத்துப் பழகிவிட்டோம். இடப்பெயர்வைப் பற்றிப் புதிதாகப் படிக்க வருகிறவர் முதலில் விட வேண்டிய பழக்கம் இது என்பேன். இருப்பதற்கும் காரணங்கள் உண்டு. அவை போவதற்கான காரணங்களைப் போலவே சிக்கலானவை.

எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீட்டின்படி 2024-இல் தாய்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் சுமார் 30 கோடியே 40 லட்சம் பேர். கேட்கப் பெரிய எண்தான். உலக மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் 3.7 சதவீதம். நூற்றுக்கு 96 பேர் நாட்டை விட்டு நகரவில்லை. நாட்டுக்குள்ளேயே இடம் மாறியவர்கள் இதைவிட மிக அதிகம், 2009-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் அவர்களை 74 கோடி என்று கணக்கிட்டது. அவர்களையும் சேர்த்தாலும், இருக்கிறவர்களே பெரும்பான்மை. ஒரு நாட்டில் ஒரு நாள் கூலி இன்னொரு நாட்டில் ஒரு மணி நேரக் கூலியாக இருக்கும் உலகத்தில் இது ஆச்சரியமான செய்தி இல்லையா? கூலி வித்தியாசம் மட்டும்தான் மனிதர்களை நகர்த்தும் என்றால், பாதி உலகம் இந்நேரம் மூட்டை கட்டியிருக்க வேண்டும்.

தள்ளுவதும் இழுப்பதும்

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு விளக்கம் படித்திருப்போம். பிறந்த இடத்தில் வறட்சி, வேலையின்மை, சண்டை, இவை தள்ளும். போகிற இடத்தில் சம்பளம், படிப்பு, பாதுகாப்பு, இவை இழுக்கும். உந்துகாரணி, ஈர்ப்புக்காரணி என்று பாடநூல்கள் பெயர் வைத்திருக்கின்றன.

இந்தச் சிந்தனைக்கு அடிப்படை போட்டவர் எர்ன்ஸ்ட் ஜார்ஜ் ராவன்ஸ்டீன். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வாழ்ந்த நிலவரைபட வல்லுநர், அதாவது தானே இடம்பெயர்ந்தவர். பிரிட்டனின் 1871, 1881 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில், யார் எங்கே பிறந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்து 1885-இல் சில விதிகளை எழுதினார். அவற்றில் மூன்று இன்றைக்கும் கைகொடுக்கின்றன. பெரும்பாலானவர்கள் கொஞ்ச தூரம்தான் போகிறார்கள். பெண்கள் வீட்டோடு இருப்பவர்கள் என்ற நினைப்புக்கு மாறாக, குறுகிய தூர இடப்பெயர்வில் ஆண்களைவிட அவர்களே அதிகம். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு திசையில் மனிதர்கள் ஓடும்போதெல்லாம், எதிர்த்திசையில் சிறிய ஓட்டம் ஒன்றும் இருக்கும். போகிறவர்களில் சிலர் திரும்பி வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

1966-இல் எவரெட் லீ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதில் முக்கியமான ஒன்றைச் சேர்த்தார். இரண்டு இடங்களுக்கும் நடுவே தடைகள் இருக்கின்றன: தூரம், செலவு, சட்டம், எல்லை. அந்தத் தடை எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஒருவர் தாண்டிவிடும் வேலி இன்னொருவருக்குச் சுவர். இருக்கிற இடத்தை நாம் அன்றாடம் வாழ்ந்து அறிந்திருக்கிறோம், போகப்போகும் இடத்தைக் கேள்விப்பட்டுத்தான் அறிந்திருக்கிறோம் என்பதையும் அவர் கவனித்தார். அந்த அறியாமை சிலரைத் துணிய வைக்கும், சிலரை நிறுத்திவிடும்.

இவ்வளவு இருந்தும் இந்த விளக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரே தெரு, ஒரே வறட்சி, ஒரே சம்பள ஆசை. பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு வீட்டிலிருந்து ஒருவர் கிளம்புகிறார், இன்னொரு வீட்டிலிருந்து யாரும் கிளம்பவில்லை. தள்ளுவதும் இழுப்பதும் இருவருக்கும் பொது என்றால், வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

வீடு எடுக்கும் முடிவு

பாதி பதில் வீட்டுக்குள் இருக்கிறது. ஓடட் ஸ்டார்க், டேவிட் ப்ளூம் என்ற இரு பொருளியலாளர்கள் 1985-இல் சொன்னது இது: இடம்பெயர்வது பெரும்பாலும் தனி ஆள் எடுக்கும் முடிவு இல்லை, குடும்பம் எடுக்கும் முடிவு. குடும்பம் வருமானத்தைக் கூட்டப் பார்ப்பதோடு, ஆபத்தைப் பங்குபோடவும் பார்க்கிறது. எல்லோரும் ஒரே நிலத்தை நம்பியிருந்தால் மழை பொய்த்த வருடம் எல்லோருக்கும் பட்டினி. ஒருவர் நகரத்தில் இருந்தால் அந்த வருடம் அங்கிருந்து பணம் வரும். அவருக்கு வேலை போனால் திரும்பி வர ஒரு கூரை இருக்கும்.

இப்படிப் பார்த்தால் போனவரும் இருப்பவரும் இரண்டு வகை மனிதர்கள் இல்லை என்பது தெரிகிறது. அவர்கள் ஒரே முடிவின் இரண்டு முனைகள். நிலத்தையும் வயதானவர்களையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருக்கிறாள் என்பதால்தான் ஒருவன் போக முடிகிறது. அவள் இருப்பதும் உழைப்புதான். அதை யாரும் இடப்பெயர்வுக் கணக்கில் எழுதுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. 2023-இல் உலகெங்கும் இருந்து குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பிய பணம் சுமார் 65,600 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. இவ்வளவு பணமும் யாரோ ஒருவர் இருப்பதால், அவருக்காக அனுப்பப்பட்டது.

மீதிப் பதிலின் ஒரு பகுதி, முன்னே போனவர்கள் போட்ட தடம். 1910-க்கும் 1970-க்கும் இடையில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கிற்கும் மேற்கிற்கும் போனார்கள். மிசிசிப்பியிலிருந்து போனவர்கள் பெருமளவில் சிகாகோவில் போய்ச் சேர்ந்தது தற்செயல் இல்லை. இல்லினாய் சென்ட்ரல் ரயில் பாதை அங்கேதான் போனது. ரயில் ஊழியர்கள் சிகாகோவின் கறுப்பினப் பத்திரிகையைத் தெற்கில் கொண்டுவந்து கொடுத்தார்கள். போனவர்கள் எழுதிய கடிதங்களைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். முதல் ஆளுக்கு அது இருட்டில் குதிப்பது. பத்தாவது ஆளுக்கு அத்தை வீட்டுக்குப் போவது.

இரண்டு கேள்விகள்

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் கேப் வெர்டே என்ற தீவு நாடு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வெளிநாடு போய்ப் பழகிய மக்கள். வெளிநாட்டில் உறவினர் இல்லாத குடும்பம் அங்கே அரிது. ஐரோப்பிய நாடுகள் விசாவை இறுக்கிய பிறகு, போக ஏங்கி, போக முடியாமல் தங்கிவிட்ட இளைஞர்கள் அங்கே நிறைந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் யொர்கன் கார்லிங் என்ற நார்வே ஆய்வாளர் 2002-இல் ஓர் எளிய மாற்றத்தை முன்வைத்தார். ஒரே கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள் என்றார். போக விரும்புகிறீர்களா? போக முடியுமா?

இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்டதும் படம் தெளிகிறது. விருப்பமும் வழியும் இருப்பவர் போகிறார். வழி இருந்தும் விருப்பம் இல்லாதவர், தெரிந்தே இருக்கிறார். விருப்பம் இருந்தும் வழி இல்லாதவர் மாட்டிக்கொண்டு இருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் பின்னிரண்டு பேரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். இருவரும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு அது வீடு, இன்னொருவருக்கு அது காத்திருப்பு அறை.

அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் நாட்டைவிட்டுப் போனார்கள். பரம ஏழைகளில் பெரும்பாலானவர்களிடம் கப்பல் கட்டணம் இல்லை. மிக அதிகமாகத் தள்ளப்பட்டவர்களால்தான் மிகக் குறைவாக நகர முடிந்தது. இன்றைக்கும், மிக ஏழை நாடுகளைவிட நடுத்தர வருமான நாடுகளிலிருந்துதான் அதிகம் பேர் வெளியேறுகிறார்கள். ஒரு நாடு கொஞ்சம் முன்னேறினால் மக்கள் போவதை நிறுத்திவிடுவார்கள் என்று அரசுகள் நம்புவதுண்டு. கொஞ்சம் முன்னேறும்போது கையில் காசும் கண்ணில் கனவும் சேர்ந்து வருகின்றன, அதனால் போவது முதலில் கூடுகிறது. வெகுதூரம் முன்னேறிய பிறகே குறைகிறது.

கார்லிங்கின் இரண்டு கேள்விகளில் நான்காவதாக ஒரு மூலை மிச்சம் இருக்கிறது: போகவும் முடியாது, போக ஆசையும் இல்லை. கெரிலின் ஷூவெல் என்ற ஆய்வாளர் இந்த மூலையில் இருப்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வசதி இல்லாத எல்லோருமே சிறைப்பட்டவர்கள் என்று நினைப்பது படித்தவர்களின் அவசரம். அவர்களில் பலர் கேட்டால், "எனக்கு எதற்கு அதெல்லாம்?" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். ஆனால் இங்கே கவனமாகக் காதுகொடுக்க வேண்டும். சிலர் உண்மையாகவே விரும்பவில்லை. சிலர் முடியாது என்று தெரிந்ததும் ஆசையை மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். ஒரே வாக்கியம் இரண்டு வாயிலிருந்தும் வரும்.

போரிலும் துன்புறுத்தலிலும் ஓடுகிறவர்களுக்கு முதல் கேள்வியைக் கேட்பதே அர்த்தமில்லாதது. ஐ.நா. அகதிகள் முகமையின் கணக்கில் 2024 இறுதியில் அப்படி விரட்டப்பட்டவர்கள் 12 கோடியே 32 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கும் மேல், 7 கோடியே 35 லட்சம் பேர், சொந்த நாட்டுக்குள்ளேயே வேறு இடத்தில் இருக்கிறார்கள். எல்லை தாண்டியவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாட்டில்தான் இருக்கிறார்கள். உயிருக்கு ஓடும்போதும் ராவன்ஸ்டீனின் முதல் விதி மாறவில்லை: முடிந்தவரை அருகிலேயே. வீடு இருந்த திசை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்.

சொந்தம் என்ற சொல்

ஏன் அருகிலேயே? இங்கேதான் கூலியாலும் விசாவாலும் அளக்க முடியாத ஒன்று வருகிறது. 'நான் இந்த இடத்தைச் சேர்ந்தவன்' என்ற உணர்வு. தமிழில் இதற்கு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: சொந்தம். "சொந்த வீடு" என்றால் எனக்கு உரியது. "அவர் எனக்குச் சொந்தம்" என்றால் உறவு. உரிமையும் உறவும் ஒரே சொல்லில் இருக்கின்றன. 'சொந்த ஊர்' என்று சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

இதில் பயன்பாட்டுக் கணக்கும் கொஞ்சம் இருக்கிறது. ஜூலி டவான்சோ என்ற பொருளியலாளர் சுட்டிக்காட்டியதுபோல, நம்மிடம் இருக்கும் சில சொத்துகள் அந்த இடத்தில் மட்டும்தான் செல்லுபடியாகும். யாரிடம் கடன் கேட்கலாம், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும், நடுராத்திரியில் உடம்புக்கு முடியாவிட்டால் யார் கதவைத் தட்டலாம்; இந்த அறிவைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போக முடியாது. வயது கூடக் கூட இந்தச் சொத்து சேர்ந்துகொண்டே போகிறது. இளையவர்கள் எளிதாகக் கிளம்புவதற்கும் மூத்தவர்கள் தயங்குவதற்கும் இது ஒரு காரணம்.

ஆனால் கணக்கு அங்கேயே நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெஸ்ட் எண்ட் என்ற பகுதி இருந்தது. உழைக்கும் மக்களின் குடியிருப்பு. இத்தாலியிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் நெருக்கி வாழ்ந்த இடம். நகராட்சியின் கண்ணுக்கு அது சேரி. 1958-இல் இடிக்கத் தொடங்கினார்கள். 2,500-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் கலைந்து போயின. பிறகு அந்த மக்களைச் சந்தித்துப் பேசிய உளவியலாளர் மார்க் ஃப்ரைட் 1963-இல் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டார். அவர்களில் பலரிடம் கண்டது துக்கம், செத்துப்போன மனிதருக்காக அழுகிற அதே துக்கம். அந்த இடத்தை எவ்வளவு நேசித்தார்களோ அவ்வளவு காலம் அது நீடித்தது. புதிய வீடு பழையதைவிட வசதியானதா என்பது இரண்டாவது கேள்வியாகிவிட்டது. இதில் நான் திரும்பத் திரும்ப நினைக்கும் விஷயம், அவர்களில் பலர் கடல் தாண்டி வந்தவர்கள் என்பது. ஒருமுறை வேரைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர்கள் இரண்டாவது இடத்திலும் அவ்வளவு ஆழமாக வேர் விட்டிருந்தார்கள்.

செர்னோபில் இன்னும் கடினமான உதாரணம். 1986-இல் அணுஉலை வெடித்த வருடம் சுற்றுப்புறத்திலிருந்து சுமார் 1,16,000 பேர் அப்புறப்படுத்தப்பட்டார்கள். தடை செய்யப்பட்ட அந்தப் பகுதிக்குள் ஆயிரம் பேர் அளவில் திருட்டுத்தனமாகத் திரும்பி வந்து குடியேறினார்கள். அவர்களில் அதிகம் பேர் வயதான பெண்கள். கதிர்வீச்சைப் பற்றித் தெரியாமல் வந்தவர்கள் இல்லை. வேற்றிடத்து அடுக்குமாடியில் நீண்ட நாள் இருப்பதைவிடத் தன் கிணற்றடியில் இருப்பது மேல் என்று முடிவெடுத்தவர்கள். கணக்குத் தெரியாதவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் போட்ட கணக்கில் வேறு வரிகள் இருந்தன.

மற்றவர் சொல்லும் சொந்தம்

இந்த உணர்வை மட்டும் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். புவியியலாளர் மார்கோ அன்டோன்சிச் 2010-இல் எழுதிய கட்டுரையில் சொந்தத்துக்கு இரண்டு பக்கம் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, இந்த இடத்தில் எனக்கு வீட்டில் இருப்பதுபோல இருக்கிறது என்ற என் உணர்வு. மற்றொன்று, நீ எங்களைச் சேர்ந்தவன் என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்வது அல்லது மறுப்பது. முதலாவது என் கையில் இருக்கிறது. இரண்டாவது சட்டத்தின் கையில், அண்டை வீட்டாரின் பார்வையில், குடியுரிமைத் தாளில் இருக்கிறது.

மிசிசிப்பியிலிருந்து ரயில் ஏறியவர்களை மறுபடி நினைத்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்தவர்கள். அந்த மண்ணின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தவர்கள். முதல் பக்கம் அவர்களிடம் நிறைய இருந்தது. வாக்குரிமையை மறுத்த சட்டமும், தனி வாசலும், மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற கும்பலும் இரண்டாவது பக்கத்தை அவர்களிடமிருந்து பிடுங்கின. கூலிக்காக மட்டும் போனார்கள் என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். பிறந்த இடமே ஒருவரை அந்நியராக நடத்தும்போது, போவது சொந்தத்தை விடுவதாக இராது, அதைத் தேடுவதாகவே இருக்கும். வீட்டுக்குள் மதிக்கப்படாத பெண், ஊரால் ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், தன் நம்பிக்கையை மறைத்து வாழ்பவர் என எங்கேயும் இப்படிப் போகிறவர்கள் உண்டு.

போய்ச் சேர்ந்த இடத்திலும் அதே இரண்டு பக்கம்தான். பத்து வருடம் ஆனபின்னும் "நீங்கள் உண்மையில் எங்கேயிருந்து வருகிறீர்கள்?" என்ற கேள்வி வருகிறது. அங்கேயே பிறந்த பிள்ளையிடமும் அதைக் கேட்கிறார்கள். பழந்தமிழில் அயல்நிலத்தை 'மொழிபெயர் தேயம்' என்றார்கள், மொழி மாறிப்போகிற நாடு. தூரத்தைக் காதத்தில் அளக்காமல் பேச்சில் அளந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு அந்த மொழி தாய்ப்பால்போல வந்துவிடுகிறது. பெற்றவருக்கு வாழ்நாள் முழுவதும் அது கற்றுக்கொண்ட மொழியாகவே இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு தூரங்கள்.

ஊர் ஏக்கத்தை ஒரு காலத்தில் நோய் என்றே எழுதினார்கள். 1688-இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வீட்டை விட்டுத் தூரத்தில் இருந்த சுவிட்சர்லாந்துக்காரர்களின் வாட்டத்துக்கு, வீடு திரும்பல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். இன்று அதை யாரும் நோய் என்பதில்லை. ஆனாலும், ஒரு மனதில் ஓர் ஊருக்குத்தான் இடம், பழையதை மறந்தால்தான் புதியதில் ஒட்ட முடியும் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை. கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் ஜான் பெர்ரி பல பத்தாண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். பழைய பண்பாட்டை வைத்துக்கொள்ள விரும்புகிறாரா என்பதும் புதிய சமூகத்தோடு கலக்க விரும்புகிறாரா என்பதும் தனித்தனிக் கேள்விகள்; ஒன்றுக்கு ஆம் என்றால் மற்றதற்கு இல்லை என்று கட்டாயம் இல்லை. இரண்டையும் பிடித்துக்கொள்கிறவர்களே பெரும்பாலும் நன்றாக வாழ்கிறார்கள் என்பது அவர் கண்டது. ஆனால் புதிய சமூகம் கதவைத் திறந்தால்தான் அது நடக்கும்.

திரும்பி வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் நினைவில் வைத்திருந்த ஊர் அவர்கள் போன நாளில் நின்றுவிட்ட ஊர். உண்மையான ஊர் நிற்கவில்லை. அதனால் திரும்பி வந்த முதல் வருடம் பலருக்கு இன்னோர் இடப்பெயர்வாகவே இருக்கிறது.

நகராமலே இழப்பது

இடத்தை இழக்க, இடம்பெயர வேண்டிய அவசியமும் இல்லை. ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் விரிந்தபோது, அங்கேயே வாழ்ந்தவர்கள் ஊர் ஏக்கம் போன்ற ஒன்றை அனுபவித்தார்கள். வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்காக ஏங்கினார்கள். மெய்யியலாளர் கிளென் ஆல்பிரெக்ட் அதற்கு 'சொலஸ்டால்ஜியா' என்று புதுப் பெயர் வைத்தார். மனிதர் நிற்கிறார், இடம் அவரை விட்டுப் போய்விடுகிறது.

பசிபிக் கடலில் தாழ்ந்து கிடக்கும் துவாலுவில் இதையெல்லாம் ஒரே நேரத்தில் பார்க்கலாம். மக்கள் சுமார் 11,000 பேர். கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருக்கிறது. 2023-இல் ஆஸ்திரேலியாவோடு செய்த ஒப்பந்தத்தின்படி வருடத்துக்கு 280 பேர் அங்கே போய் வாழலாம், வேலை செய்யலாம், படிக்கலாம். விரும்பியபோது வந்து போகலாம். அந்த 280 பேரைத் தேர்ந்தெடுக்க 2025-இல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேர் பதிவு செய்தார்கள். ஒரு நாடே கிளம்பிவிட்டது என்று உலகச் செய்திகள் அதைப் படித்தன. பதிவு செய்வது கதவு திறந்திருக்கட்டும் என்று கேட்பது; அதற்காகவே எல்லோரும் போய்விடுவார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கார்லிங் கேட்ட இரண்டாவது கேள்விக்கு "முடியும்" என்று பதில் வைத்துக்கொள்ள விரும்பினார்கள். முதல் கேள்விக்கு ஒவ்வொரு வீட்டிலும் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம்.

அதே 2023-இல் துவாலு தன் அரசியலமைப்பைத் திருத்தியது. பருவநிலை மாற்றத்தால் நிலப்பரப்பே இல்லாமல் போனாலும் துவாலு என்ற அரசு என்றென்றைக்கும் நீடிக்கும் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.